எச்சில் சர்க்கரை

ஹெப்சிபா ஊசியைக் குத்திப் பொத்தானை அமுக்கியபோது மணி பன்னிரண்டு ஐந்து. இனி நாற்பது நிமிஷம். மந்திரியே வந்து நின்றாலும் அதை முப்பத்தொன்பது ஆக்க முடியாது. இருபத்திரண்டு வருஷமாக இந்த ஆஸ்பத்திரி லேபில் "சீக்கிரம், சீக்கிரம்" என்கிறவர்களோடு மல்லுக்கட்டியவளுக்கு அந்த ஒரு குணத்துக்காகவே இந்த மெஷினைப் பிடிக்கும். பயிருக்கு அடிக்கிற மருந்தைக் குடித்துவிட்டு வருகிறவர்கள் எதைக் குடித்தார்கள் என்று பார்ப்பதற்காக வாங்கிப் போட்டது. இன்றைக்கு அதன் வயிற்றுக்குள் போயிருப்பது விஷமில்லை. ஆறாம் நம்பர் கட்டில் இசக்கிராஜ், வயது முப்பத்தாறு, பழைய கட்டடம் இடிக்கிற வேலை, மூளைக் காய்ச்சல். ஒன்பது நாளைக்கு முன்னால் அவன் முதுகுத்தண்டில் ஊசி போட்டு எடுத்த நீரில் மிச்சமிருந்த கடைசிச் சொட்டு. இதற்கு மேல் கிடையாது. இன்னொரு தடவை எடுக்கலாம் என்று டாக்டர்கள் போனபோது அவன் பெண்டாட்டி மாரிக்கனி கட்டிலுக்குக் குறுக்கே விழுந்துவிட்டாள். "முதுகுல தண்ணி எடுத்த பொறவுதான் அவியளுக்குக் கண்ணு மங்குச்சு. இன்னொரு மட்டம் குத்துனியன்னா ஆளு முடமாயிருவாவ. என்னையக் கொன்னுட்டு எடுங்க." கண் மங்கியது ஊசியால் இல்லை, நோயால். அதை அவளிடம் எத்தனை பேர் சொல்லியும் ஏறவில்லை. ஏறாது. நாங்கள் சொல்கிற எல்லாவற்றையும் நம்புகிற மாதிரியா நாங்கள் நடந்துகொள்கிறோம், என்று ஹெப்சிபா நினைத்தாள், நினைத்ததும் அந்த நினைப்பை அவசரமாக வேறு பக்கம் திருப்பினாள்.

திரையில் பச்சைக் கோடு நேராகப் போய்க்கொண்டிருந்தது. நீரில் கலந்திருக்கிற ஒவ்வொன்றும் தனக்கென்று உள்ள நிமிஷத்தில் வெளியே வந்து அதில் ஒரு மேடு போடும். மூன்றாம் நிமிஷத்தில் ஒரு பெரிய மேடு, கரைப்பான், அது எல்லோருக்கும் வரும், அதற்கு மதிப்பில்லை. காலையில் ரவுண்ட்ஸில் பெரிய டாக்டர் சங்கரவடிவேல் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருந்தது. "ஹெப்சிபா, மூளை வீக்கம் வடியறதுக்கு நாம ஏத்துற பாட்டில்ல என்ன இருக்கு? மானிட்டால். நீங்க அந்தத் தண்ணியில என்ன கண்டுபிடிச்சிருக்கீங்க? மானிட்டால். நம்ம பாட்டிலை நம்மகிட்டயே கண்டுபிடிச்சுக் குடுத்திருக்கீங்க. ரொம்ப நன்றி." கூட நின்ற படிக்கிற பிள்ளைகள் சிரித்தார்கள். சிரிக்கட்டும். அவள் ஒன்றும் தெருவில் கிடந்து பொறுக்கிக்கொண்டு வந்து சொல்லவில்லை. நாலு வருஷத்துக்கு முன்னால் இதே மெஷினில் ஓர் ஆராய்ச்சி நடந்தது, நூற்றுச் சொச்சம் குழாய்களை ஓட்டியது அவள் கைதான். மூளைக்குள் பூஞ்சை குடியேறினால் அங்கே தின்று கொழுத்துத் தன் சர்க்கரையை அந்த நீரில் விட்டுவிட்டுப் போகிறது. மைக்ராஸ்கோப்பில் கருப்பு மை ஊற்றிப் பார்த்தால் பூஞ்சை சில பேருக்குத் தெரியும், சில பேருக்குத் தெரியாது, இசக்கிராஜுக்குத் தெரியவில்லை. ஆனால் விருந்துக்கு வந்தவன் முகம் காட்டாமல் போனாலும் எச்சில் இலை கிடக்குமே. நேற்று அந்த எச்சிலைத்தான் அவள் பார்த்தாள், இருபத்தோராம் நிமிஷத்தில், சந்தேகத்துக்கு இடமில்லாமல், மானிட்டால். பூஞ்சை போடுகிற சர்க்கரையும் அதுதான், நாம் பாட்டிலில் ஏற்றுகிற சர்க்கரையும் அதுதான். கடவுளுக்கு வேறு சர்க்கரையே கிடைக்கவில்லையா என்று ராத்திரி சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக் கேட்டாள். புருஷன் "என்னட்டி, ரசத்துல இனிக்கா?" என்றான்.

பெரிய டாக்டரைக் குறை சொல்லிப் பயனில்லை, ஆள் கெட்டவர் இல்லை. அவர் கணக்கு நேர்க்கணக்கு. நீர் எடுத்த அன்றைக்கே மானிட்டால் பாட்டிலும் மாட்டியிருக்கிறார்கள், வார்டுத் தாளில் அதற்கு நேரம் பத்து இருபது. கேஸ் ஷீட்டில் முதுகு நீர் எடுத்த தேதி இருக்கிறது, மணி இல்லை. எடுத்த பயிற்சி டாக்டர் அன்றைக்கு ஏழு பேருக்கு எடுத்தாராம், ஞாபகம் இல்லை என்று கையை விரித்துவிட்டார். மிச்சம் இருப்பது லேப் ரெஜிஸ்டர். அதில் குழாய் வந்து சேர்ந்த நேரம் பதினொன்றரை. பாட்டில் பத்து இருபது, குழாய் பதினொன்றரை, ஆகவே பாட்டில் சர்க்கரை. முடிந்தது. "பூஞ்சைக்குப் போடுற மருந்து கிட்னியைத் தின்னுடும்மா. உங்க சந்தேகத்துக்காக நான் அதை ஏத்த முடியாது. ரத்தம் சென்னைக்குப் போயிருக்கு, திங்கக்கிழமை ரிசல்ட் வரும்." இன்றைக்கு வியாழன். திங்கட்கிழமை வரைக்கும் டிபி மாத்திரையும் ஸ்டீராய்டும். டிபியாக இருந்தால் சரி. பூஞ்சையாக இருந்தால் அந்த ஸ்டீராய்டு, திருடனுக்கு வாசலைத் திறந்துவிட்டு விளக்கும் ஏற்றிவைக்கிற வேலை. நேற்றுச் சாயங்காலம் அவள் வார்டுக்குப் போய்ப் பார்த்தாள். இசக்கிராஜ் கண்ணைத் திறந்துகொண்டுதான் கிடந்தான், ஆனால் பெண்டாட்டி நீட்டிய டம்ளருக்கு ஒரு சாண் தள்ளிக் கை போயிற்று. இடித்தது என்ன கட்டடம் என்று கேட்டதற்கு மாரிக்கனிதான் சொன்னாள்: "பூட்டிக் கெடந்த சினிமாக் கொட்டகை யக்கா. மேக்கூரை பூரா புறாதான். முழங்கால் ஒசரத்துக்கு எச்சம் கெடந்துச்சாம். சட்டையில வெள்ளை வெள்ளையா ஒட்டிக்கிட்டு வருவாவ." வேறு என்ன வேண்டும்? புறா எச்சத்தில் அந்தப் பூஞ்சை குடியிருக்கும் என்று புத்தகத்தில் இருக்கிறது. இதையும் காலையில் சொன்னாள். "புறா எல்லா ஊர்லயும் இருக்கும்மா" என்றார் அவர். புறா எல்லா ஊரிலும் இருக்கிறது, இசக்கிராஜ் ஒரு ஊரில்தானே இருக்கிறான், என்று திருப்பிச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவேண்டியது எல்லாமே படி இறங்கிய பிறகுதான் வாய்க்கு வருகிறது.

ஒன்பது நிமிஷம். கோடு நேர். இன்றைக்கு ஓட்டுவது மானிட்டாலுக்காக இல்லை. பூஞ்சை இன்னொரு சர்க்கரையும் வைத்திருக்கும், ட்ரெஹலோஸ் என்று பேர், அதை மனுஷ உடம்பு செய்யாது, பாட்டிலிலும் கிடையாது. முப்பத்துமூன்றாம் நிமிஷத்தில் வரவேண்டும். அதைத் தேடிப் பார்க்கிறேன் என்று காலையில் பெரிய டாக்டரிடமும் சொல்லிவிட்டுத்தான் வந்தாள். நேற்று இருபத்தைந்திலேயே மெஷினை நிறுத்திவிட்டாள், அது புத்திகெட்ட வேலை, அதனால்தான் இன்று கடைசிச் சொட்டும் போயிற்று. அது மட்டும் வந்துவிட்டால், ஆண்டவரே, அது மட்டும் வந்துவிட்டால் போதும், யாரும் மணியைப் பற்றிக் கேட்க மாட்டார்கள். பாட்டில் எப்போது, குழாய் எப்போது என்ற பேச்சே இருக்காது. பதினொன்றரை பதினொன்றரையாகவே கிடக்கலாம். பதினொன்றரை. இந்தச் சொல் காலையிலிருந்து பல்லிடுக்கில் மாட்டின பாக்குத்தூள் மாதிரி இருக்கிறது, நாக்கு அங்கேதான் போகிறது. ஏனென்றால் இந்த லேபில் பதினொன்றரை என்பது ஒரு மணியே இல்லை, ஒரு வழக்கம். காலையில் வருகிற குழாயெல்லாம் தட்டில் சேரும், தட்டு நிறைந்ததும் யாராவது ஒருத்தர் உட்கார்ந்து மொத்தமாக ரெஜிஸ்டரில் ஏற்றுவார்கள், எல்லாவற்றுக்கும் நேரம் பதினொன்றரை, கீழே வரிசையாக மேற்படிக் குறி. அவள் வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கும் அப்படித்தான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் எல்லோரும் சேர்ந்து பாவ அறிக்கை சொல்லுவதைப்போல. எல்லோர் வாயும் ஒன்றாக அசையும்போது எந்தப் பாவம் யாருடையது என்று தெரியாது, மனசும் உறுத்தாது. ஆனால் முதுகு நீருக்கு மட்டும் அப்படிச் செய்யக்கூடாது, வந்த கையோடு நேரம் எழுதிப் பரிசோதனைக்குப் போட வேண்டும் என்று சுவரில் நோட்டீஸ் எழுதி ஒட்டியது யார்? அவள்தான். கொட்டை எழுத்தில். சிவப்பு மையில். ஊருக்கு உபதேசம்.

குழாய் வந்த நேரம் அவளுக்குத் தெரியும். ஒன்பது நாற்பது. வார்டில் ஆள் பற்றாதபோது செய்கிறதுபோல நீரை எடுத்துக் குழாயை மாரிக்கனி கையிலேயே கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அவள் அதை முந்தானைக்குள் பொத்திக்கொண்டு வந்து ஜன்னலில் நின்றாள். குழாயின் கழுத்தில் ஒரு சிவப்புக் கயிறு. "கோயில்ல கட்டுன கயிறு யக்கா, ஊசி போடணும்னு கையில இருந்து அவுத்துட்டாவ. இதுலயாவது கெடக்கட்டும்." பிறகு குழாயைக் கொடுக்காமல் ஒரு நொடி வைத்துக்கொண்டு கேட்டாள். "சூடா இருக்கு யக்கா. ஆறதுக்குள்ள பாத்துருவியளா?" பார்த்துவிடுவேன் என்றாள் ஹெப்சிபா. தட்டில் வை என்றாள். தட்டில் அப்போது அந்த ஒரு குழாய்தான். வைத்த கையோடு கடிகாரத்தைப் பார்த்தாள், குழாய்க்காக இல்லை, ஒன்பதே முக்காலுக்குத் தங்கப்பழம் அண்ணனுக்குப் பணிநிறைவு விழா. முப்பத்துநாலு வருஷம் இதே லேபில் ரத்தம் எடுத்த மனுஷர். சிறுநீரும் ரத்தமும் வைக்கிற மேடையைத் துடைத்து, மேலே பேப்பர் விரித்து, கேக்கை வைத்தார்கள். தட்டை யாரோ ஓரமாக நகர்த்தினார்கள். யாரோ என்ன யாரோ, அவள்தான் நகர்த்தினாள், முழங்கையால். கேக்கை வெட்டினார்கள். அண்ணனுக்குப் பொன்னாடை போர்த்தப் பெரிய டாக்டரே இறங்கி வந்தார். போட்டோ எடுத்தார்கள். பிறகு பாட்டு, பேச்சு, அழுகை, மறுபடி பேச்சு. சமோசா வந்தது, டீ வந்தது. பதினொன்று பத்துக்கு அவள் கையைக் கழுவிவிட்டு வந்தபோது தட்டு நிறைந்திருந்தது. உட்கார்ந்து வரிசையாக எழுதினாள். முதல் குழாய்க்கு எதிரே பதினொன்றரை என்று எழுதியபோது குழாயைத் தொட்டாள். ஆறிப்போயிருந்தது. ஆறினது அவளுக்குத் தெரிந்தது. அப்போது ஒன்றும் தோன்றவில்லை என்று சொன்னால் பொய். தோன்றியது, கீழே மேற்படிக் குறி போட்டதும் போய்விட்டது.

பதினெட்டு நிமிஷம். ஏர்கூலர் தண்ணீர் இல்லாமல் வெறும் காற்றை வீசிற்று. வெளியே டிராலி ஒன்று ஒரு சக்கரம் கிறீச்சிட்டுக்கொண்டு போயிற்று. அவள் போனை எடுத்தாள், வைத்தாள், எடுத்தாள். அந்தப் போட்டோ குரூப்பில் கிடக்கிறது, காலையிலிருந்து எட்டுத் தடவை பார்த்தாயிற்று. மூலையில் மணி விழுந்திருக்கிறது, ஒன்பது ஐம்பத்திரண்டு. நடுவில் தங்கப்பழம் அண்ணன், பொன்னாடையைப் பிடித்தபடி பெரிய டாக்டர், பக்கத்தில் வாயில் கேக்கோடு அவள். அவளுடைய முழங்கைக்குப் பின்னால் ஒரு தட்டு, தட்டில் ஒரே ஒரு குழாய், குழாயின் கழுத்தில் சிவப்பாக ஒரு கயிறு. நாற்பத்தாறு பேர் இருக்கிற குரூப். நாற்பத்தாறு பேரும் கைகூப்பிக் குறி போட்டிருக்கிறார்கள். ஒருவர் கண்ணிலும் குழாய் படவில்லை. பாட்டில் மாட்டியது பத்து இருபது, குழாய் தட்டில் இருந்தது ஒன்பது ஐம்பத்திரண்டு. வேறு எந்தச் சர்க்கரையும் தேவையில்லை. இந்த ஒரு படத்தைக் காட்டினால் போதும், காட்டினால் இவள் கதையும் முடிந்தது. ஊரையெல்லாம் விரட்டி வேலை வாங்குகிற ஹெப்சிபா முதுகு நீரை ஒன்றரை மணி நேரம் கேக்குப் பக்கத்தில் போட்டுவிட்டுப் பொய் நேரம் எழுதினாள். மெமோ, விசாரணை, இந்த வருஷம் வரவேண்டிய பதவி உயர்வு யானை வாயில் போன கரும்பு. அதுகூடப் பரவாயில்லை. ஜன்னலில் வந்து நிற்கிற ஒவ்வொருத்தர் முகத்திலும் அது தெரியுமே. போன மாதம் பயிற்சிக்கு வந்த பெண்ணை, ஒரு குழாய்க்கு நேரம் எழுதவில்லை என்று அழ அழத் திட்டினாளே, அந்தப் பெண் சிரிப்பாளே. சிரிக்கட்டும். இல்லை, சிரிக்கக்கூடாது. இரண்டாவது சர்க்கரை வரட்டும். வந்துவிட்டால் படத்தை அழித்துவிடலாம். நாற்பத்தாறு பேர் போனில் இருக்கிறதை எப்படியடி அழிப்பாய், முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவளே.

இருபத்தொன்று. மேடு எழுந்தது. நேற்றைப் போலவே, மெதுவாக ஆரம்பித்து, நிமிர்ந்து, இறங்கியது. மானிட்டால். "நான் பொய் சொல்லல பாத்தியா" என்று அவள் மெஷினைப் பார்த்து வாய்விட்டே சொன்னாள், சொன்ன குரல் அவளுக்கே ஒரு மாதிரியாக இருந்தது. நீ பொய் சொல்லவில்லை, மெஷின் பொய் சொல்லவில்லை, பூஞ்சைகூடப் பொய் சொல்லவில்லை, தான் தின்ற இடத்தில் அடையாளம் வைத்துவிட்டுத்தான் போயிருக்கிறது. பொய் சொன்னது அந்த ரெஜிஸ்டர். அதில் இருப்பது யார் கையெழுத்து? இருபத்துநாலு. இருபத்தைந்து. நேற்று இந்த இடத்தில்தான் நிறுத்தினாள். ஏன் நிறுத்தினாள்? அவசரமா? மறந்துபோயிற்றா? மனசின் ஒரு மூலை மெதுவாக எழுந்து உட்கார்ந்தது. ஏன் இப்போது ஓட்டுகிறாய்? இசக்கிராஜுக்காகவா? அவனுக்கு வேண்டிய சாட்சி காலை ரவுண்ட்ஸிலேயே உன் பைக்குள் இருந்ததே, போனில். அப்போதே எடுத்து நீட்டியிருந்தால் மருந்து இந்நேரம் ஏறிக்கொண்டிருக்கும். நாலு மணி நேரம் உட்கார்ந்து அந்தச் சொட்டைப் பக்குவப்படுத்தி, நாற்பது நிமிஷம் ஓடவிட்டு, கோட்டையே பார்த்துக்கொண்டிருக்கிறாயே, இது யாருக்கு வைத்தியம்? அவனுக்கா, உன் பெயருக்கா? ஹெப்சிபாவுக்குக் காதெல்லாம் சூடாயிற்று. கோபம் வந்தது, முதலில் பெரிய டாக்டர் மேல், பிறகு தங்கப்பழம் அண்ணன் மேல், பாவம் அவர் என்ன செய்வார், பிறகு அந்த சமோசா மேல்கூட வந்தது. கடைசியில் வரவேண்டிய இடத்துக்கு வந்து நின்றது. ஒரு மனுஷன் டம்ளரைத் தேடி ஒரு சாண் தள்ளிக் கையை நீட்டுகிறான், இவள் முப்பத்துமூன்றாம் நிமிஷத்துக்குக் காத்திருக்கிறாள். வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்துக்குள்ளேயே ஒரு திமிரும் இருந்தது. பாட்டில் சர்க்கரை என்று சொல்லிவிடுவார்களா? என் மானத்தை வைத்து அடிக்கிறேன், பார்க்கலாம். போகிற மானம் உபயோகமாகத்தான் போகட்டுமே.

இருபத்தெட்டாம் நிமிஷத்தில் அவள் எழுந்தாள். கோடு நேராக ஓடிக்கொண்டிருந்தது. ரெஜிஸ்டரைக் கக்கத்தில் இடுக்கினாள், போனை எடுத்தாள், பிரீசரிலிருந்து எடுத்துவைத்த காலிக் குழாயையும் எடுத்துக்கொண்டாள். கயிறு இன்னும் அதன் கழுத்தில் இருந்தது, நிறம் மட்டும் கொஞ்சம் வெளிறியிருந்தது. சுவரில் அவளே ஒட்டிய நோட்டீஸைத் தாண்டி வெளியே போனாள்.

பெரிய டாக்டர் மத்தியான ரவுண்ட்ஸ் முடித்து, படிக்கிற பிள்ளைகள் சுற்றி நிற்க, வார்டு முகப்பு மேஜையில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். "என்னம்மா, ரெண்டாவது சர்க்கரை வந்துடுச்சா?"

"தெரியாது சார். மெஷின் ஓடிட்டிருக்கு. நான் அதுக்கு வரல." ரெஜிஸ்டரை விரித்து வைத்தாள். "இந்தப் பதினொன்றரை பொய் சார். எழுதுனது நான்தான். குழாய் ஒம்பது நாப்பதுக்கே வந்துட்டு. விழாவுக்குப் போற அவசரத்துல தட்டுல போட்டுட்டேன். வந்து எல்லாத்துக்கும் மொத்தமா நேரம் போட்டேன்."

அவர் பேனாவை மூடினார். "என்ன சொல்றீங்கன்னு தெரிஞ்சுதான் சொல்றீங்களா? இன்னிக்கு இப்படிச் சொல்றீங்க. நாளைக்கு வேற சொல்லுவீங்க. நான் எதை நம்புறது?"

"என்னை நம்ப வேண்டாம் சார்." போனை அவர் முன்னால் வைத்தாள், பக்கத்திலேயே குழாயையும் வைத்தாள். "இந்தக் கயிறு. இதுல பாருங்க, அதே கயிறு. மூலையில மணி இருக்கு."

அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினார். தட்டு வந்தது, குழாய் வந்தது, கயிறு வந்தது. விரலை எடுத்ததும் படம் பழைய அளவுக்குச் சுருங்கியது. பொன்னாடையைப் பிடித்துக்கொண்டு, குழாய்க்கு இரண்டடி தள்ளி, சிரித்தபடி நிற்பது யார் என்று அப்போதுதான் பார்த்தார். வார்டுத் தாளைப் புரட்டி, பத்து இருபது என்று இருந்த இடத்தில் விரலை வைத்தார். பிறகு குழாயைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார், அதில் இப்போது பார்க்க ஒன்றுமில்லை.

"இது பெரிய விஷயம் ஹெப்சிபா. மெமோ வரும்."

"வரட்டும் சார். நடந்ததை நானே எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாரேன். எனக்குக் குடுக்க வேண்டிய மெமோவைக் குடுங்க. படத்துல மத்தவங்க இருக்கறதுக்கு யார் குடுப்பாங்கன்னு எனக்குத் தெரியாது. நீங்க மொதல்ல மருந்தை எழுதுங்க."

படிக்கிற பிள்ளைகள் யாரும் சிரிக்கவில்லை. அவர் பேனாவைத் திறந்து எழுதினார். எழுதிக்கொண்டே, நிமிராமல், கிட்னிக்கு என்னென்ன பார்க்க வேண்டும், தினமும் எத்தனை மணிக்கு ரத்தம் எடுக்க வேண்டும் என்று நர்ஸிடம் சொன்னார். ஸ்டீராய்டை அடித்தார். "ரத்தம் லேபுக்கு வந்ததும் நேரம் எழுதுங்க" என்றார் கடைசியில். "எழுதுவேன் சார்" என்றாள். ரெஜிஸ்டரைத் தன் பக்கம் இழுத்து, பதினொன்றரையின் மேல் கோடு கிழித்து, ஒன்பது நாற்பது என்று எழுதி, சுருக்கொப்பம் போடாமல் முழுப் பெயரையும் எழுதினாள்.

மாரிக்கனி கட்டிலுக்குக் கீழே, பாய்கூட விரிக்காமல் உட்கார்ந்திருந்தாள். நர்ஸ் புது மருந்தைக் கொண்டுவருவதைப் பார்த்துப் பயந்து எழுந்தாள். ஹெப்சிபா காலிக் குழாயிலிருந்து கயிற்றை அவிழ்த்து அவள் கையில் கொடுத்தாள்.

"பாத்துட்டியளா யக்கா?"

"பாத்துட்டேன். டிபி இல்லம்மா, பூஞ்சைதான். இப்பதான் சரியான மருந்து ஏறப்போவுது." அதோடு நிறுத்தியிருக்கலாம். யாரும் கேட்கவில்லை, கேட்கப்போவதும் இல்லை. "நீ கொண்டுவந்தப்ப சூடாத்தான் இருந்துச்சு, மாரிக்கனி. ஆற விட்டது நான்."